மாட்ஸின் மூன்று பக்கங்கள்

1

இன்று காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் போன் தானாகவே ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டியது. மேலே ‘ஒரு வருடத்துக்கு முன்பு’ என்று எழுதியிருந்தது. படத்தில் ஆள் யாரும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கதவு, பக்கத்தில் அறை எண். அவ்வளவுதான்.

பஸ் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. நான் ஏறவில்லை.

அந்தக் கதவை நான் படமெடுத்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் பத்து மணிக்கு அங்கே என்னை வரச் சொல்லியிருந்தார்கள். வழி தவறித் தாமதமாகிவிடக் கூடாதே என்று முதல் நாளே போய் அறையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் நான் தொடர்ந்து இருப்பேனா, ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவேனா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் முடிவாகும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு முழுக்கத் தவறும் அல்ல.

ஊரிலிருந்து எனக்கு அடிக்கடி செய்தி வரும். எல்லாம் எனக்குப் பின்னால் படிக்கிற பெண்கள். “அக்கா, அங்க எக்ஸாம் ரொம்ப கஷ்டமா?” “குளிரு தாங்க முடியுமாக்கா?” எக்ஸாமையும் சமாளிக்கலாம், குளிரையும் சமாளிக்கலாம். நான் பயந்தது இரண்டுக்கும் இல்லை. எதற்குப் பயந்தேன் என்பதை ஒரு வரியில் சொல்ல வராததால் இதை எழுதுகிறேன்.

2

எனக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றுக் கரையோரம் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. மூன்று மா நிலத்தை, ஏக்கர் கணக்கில் ஒன்று, குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். மற்ற நாட்களில் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

தஞ்சாவூரில் சிவில் இன்ஜினியரிங் முடித்தேன். பிறகு டென்மார்க்கின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மழைநீர், வடிகால் சம்பந்தமான மேல்படிப்புக்குக் கட்டணச் சலுகையோடு இடம் கிடைத்தது. மாமா பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார். நடுவில் என் படம், பின்னால் விமானம், மூலையில் வாழ்த்துகிற மாமாவின் படம். என் படத்தைவிட அது கொஞ்சம் பெரிது.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, படிப்பில் பாதி ஒரே ஒரு ப்ராஜெக்ட் என்று. நான்கு மாதம், ஒரு குழு, ஒரு உண்மையான பிரச்சினை, ஒரு அறிக்கை. கடைசியில் குழுவாக நின்று வாய்மொழித் தேர்வு. இதோடு ‘எப்படிச் சேர்ந்து வேலை செய்தோம்’ என்று தனியாக இன்னொரு அறிக்கையும் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சேர்ந்து வேலை செய்வதில் எழுத என்ன இருக்கிறது?

ஏனென்றால் நான் ஏற்கெனவே ப்ராஜெக்ட் செய்தவள். தஞ்சாவூரில் கடைசி வருடம் நாங்கள் நான்கு பேர் ஒரு பேட்ச். நான்கு பேர் வேலையையும் நான் ஒருத்தியே செய்தேன். சரண்யா டிபன் கொண்டுவருவாள், ஒருத்தி பிரிண்ட் எடுப்பாள், ஒருத்தி தங்க எழுத்து போட்டு பைண்டிங் செய்து வாங்கி வருவாள். வைவாவில் மூன்று பேரும் எனக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள். பக்கத்து பேட்ச் கடையில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கியது. நாங்கள் சொந்தமாகச் செய்தோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை. வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு வந்த சார், பேட்டியில் ‘நான் ஒரு டீம் பிளேயர்’ என்று சொல்ல வேண்டும் என்றார். அதை மனப்பாடம் செய்து கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னேன்.

3

இங்கே எங்கள் குழுவில் மூன்று பேர். இயோவானா, ருமேனியாக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், சத்தமாகப் பேசுவாள். மாட்ஸ், இந்த ஊர்ப் பையன், ஆறடிக்கு மேல் உயரம், தேவை இல்லாமல் வாய் திறக்க மாட்டான். மூன்றாவது நான். (நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். நம் பேச்சில்தான் எழுத வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.)

ஊரின் ஒரு பகுதியில் பெருமழை பெய்தால் வீடுகளின் நிலவறைகளில் தண்ணீர் புகுந்துவிடும். அந்தத் தண்ணீரை எங்கே தேக்குவது என்பது எங்கள் ப்ராஜெக்ட். ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலும் நூலகத்தின் கூரையிலும் மழைமானி வைத்து அளந்தோம். அளந்ததைப் பற்றிய அத்தியாயம் மாட்ஸுக்கு. தண்ணீர் ஓடும் வழியைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்ப்பது இயோவானாவுக்கு. தேக்கும் குளத்தின் கணக்கு எனக்கு.

முதல் வாரமே ஒரு ஒப்பந்தம் எழுதச் சொன்னார்கள், குழுவுக்குள் எப்படி நடந்துகொள்வது என்று. இயோவானா தட்டச்சு செய்தாள். நான் பேங்க் ஃபாரத்தில் போடுவதுபோலக் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை.

நவம்பர் நடுவில் முழு வரைவையும் எங்கள் மேற்பார்வையாளர் கிர்ஸ்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே கோப்பில்தான் எழுதினோம்; யார் எதைத் தொட்டாலும் மற்றவருக்குத் தெரியும். மாட்ஸின் அத்தியாயத்தில் மூன்று வாரமாக நான்கே வரிகள் கிடந்தன. அவையும் அரைகுறை. அவன் இரண்டு விரலால் தட்டுவான், நிறுத்துவான், அழிப்பான். நான் மீதி நாட்களை எண்ணுவேன்.

வரைவு கொடுக்க இரண்டு நாள் இருந்தது. மத்தியான வகுப்பு இல்லை. அளவுகள் எல்லாம் பொதுக் கோப்புறையில் இருந்தன. உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதினேன், அழகாக ஒரு வரைபடம் போட்டேன், அவனுடைய நான்கு வரிகளை அழித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்ததுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. எங்கள் பக்கத்து நடவில் அப்படித்தான். பெண்கள் வரிசையாக நின்று பின்னால் நகர்ந்தபடி நாற்று வைப்பார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, கை ஓடவில்லை என்றால், இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் அவள் பங்கிலும் நாலு முதல் நாற்றைச் சேர்த்து நட்டுக்கொண்டே போவார்கள். வரிசை வளையாது. கரையில் நிற்கும் மிராசுதாருக்குத் தெரியாது. நட்டவள் வாய் திறக்க மாட்டாள், நடாதவளும் திறக்க மாட்டாள். கை கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறவளை அடுத்த நாள் யாரும் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை குழு அறையில் மாட்ஸ் மடிக்கணினியைத் திறந்தான். வெகுநேரம் பார்த்தான்.

“இத யாரு எழுதினது?”

நான் சிரித்தேன். “எனக்குக் கொஞ்சம் நேரம் இருந்துச்சு.”

“நான் எழுதினது எங்க?”

பதிலாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். நம் ஊரில் அதற்குப் பத்து அர்த்தம் உண்டு. இங்கே ஒன்றும் இல்லை. அவன் கணினியை மூடினான், கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

“என்ன பண்ணி வெச்சிருக்க நீ?” என்றாள் இயோவானா.

“உதவி,” என்றேன்.

4

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. கிர்ஸ்டன் எழுதியிருந்தார். நான்கே வரி. அறிக்கையின் ஒரு பகுதியை யார் எழுதியது என்ற கேள்வி எழுந்திருக்கிறது. வியாழன் பத்து மணிக்கு இந்த அறைக்கு மூவரும் வர வேண்டும். படிப்புப் பிரிவு அலுவலகத்திலிருந்தும் ஒருவர் இருப்பார்.

நம் ஊரில் மேலதிகாரி கோபத்தில் இருந்தால் கடிதம் நீளும், காரமாகும். இதில் காரமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

விதிகளைத் தேடிப் படித்தேன். யார் யார் எந்தப் பகுதியை எழுதினோம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதாகக் காட்டினால் அது ஏமாற்று. கடுமையான ஏமாற்றுக்குப் படிப்பிலிருந்து நீக்கம். குடியேற்றத் துறையின் பக்கத்தைத் திறந்தேன். படிப்பு நின்றால் தங்கும் அனுமதியும் நிற்கும். இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பிறகு நாங்கள் எழுதிய ஒப்பந்தத்தை முதல் தடவையாகப் படித்தேன். நான்காவது விதி: ஒருவர் பகுதியை மற்றவர் மாற்றும் முன் கேட்க வேண்டும். கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு, ஜோராக.

மூன்று நாள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். சோறு வடித்தேன், மூடி வைத்தேன், திறக்கவில்லை. கடையில் பில் போடும் பெண் டேனிஷில் ஏதோ கேட்டாள். நான் ‘ஸாரி, ஸாரி’ என்று சொல்லி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவள் பை வேண்டுமா என்றுதான் கேட்டிருந்தாள். தெருவில் யாராவது நின்று பார்த்தால் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். படுத்தால் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவேன், மனத்துக்குள். எதை எடுத்துப்போவது, எதை விடுவது. மாமா வைத்த ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து அதன் கீழேதான் நான் பெட்டியோடு இறங்க வேண்டும்.

5

செவ்வாய்க்கிழமை இயோவானா என் அறைக்கு வந்தாள்.

“கேளு. நாம மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டுதான் செஞ்சோம்னு சொல்லிடலாம். நான் உனக்காகச் சொல்றேன். எங்க ஊர்ல இதெல்லாம் ஒரு விஷயமே கெடையாது.”

“எங்க ஊர்லயும்தான். ஆனா தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மாட்ஸ் கிர்ஸ்டன்கிட்ட சொல்லிட்டானே.”

“அவன் மறந்துட்டான்னு சொல்லு. நாம ரெண்டு பேரு, அவன் ஒருத்தன்.”

சரி என்றேன். அதை மறைக்க விரும்பவில்லை. பயம் என்னை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வியாழன் காலையில் மாட்ஸைப் பொய்யன் ஆக்குவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் புதன்கிழமை அந்தக் கதவைப் படமெடுத்தேன்.

அன்று மத்தியானம் அம்மா கூப்பிட்டாள்.

“என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்டியா?”

“சாப்டேம்மா.”

“என்ன சாப்ட?”

யோசித்தேன். சாப்பிட்டவளுக்கு அது யோசிக்க வேண்டிய கேள்வி இல்லை. அம்மா பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இரு இரு. அவன் வேலைய நீ செஞ்சு குடுத்த. அதுக்கு உன்னயக் கூப்புட்டு விசாரிக்கிறாங்களா? என்னா ஊருடி அது! இங்கன்னா காபி வாங்கிக் குடுத்துருப்பான்.”

பின்னாலிருந்து அப்பா, “என்னவாம்?” என்றார்.

“ஒண்ணுமில்ல, நீங்க போயி வாய்க்காலப் பாருங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “போலீசு கீலீசு வருமா?”

“அதெல்லாம் வராதும்மா.”

“திருப்பி அனுப்பிச்சுருவாங்களா?”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“அனுப்பிச்சா வந்துரு. என்னா இப்ப? இங்க சம்பா வயல்ல மொழங்கால் தண்ணி நிக்குது, வடியவே மாட்டேங்குது. நீ படிக்கிறது தண்ணி வடிக்கிற படிப்புதான? வந்து இத வடிச்சு விடு.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “மாமாவுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. சரி, நீ ஒண்ணு பண்ணு. அவன்தான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டான்னு சொல்லிப்புடு. யாரு கண்டா?”

ஆக இயோவானாவும் அம்மாவும் ஒரே யோசனை. போனை வைத்த பிறகு எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

பிளஸ் டூ லீவில் ஒரு தடவை அம்மாவோடு நடவுக்குப் போனேன். வீம்புக்குத்தான் போனேன், படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் இடுப்பு கழன்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் செல்வமணி அக்கா. என் பக்கத்து நாற்றையும் அவரே வைத்துக்கொண்டு போனார், என் முகத்தைப் பார்க்காமல். மற்றவர்களோடு நானும் ஒன்றாகத்தான் கரையேறினேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாய்க்காலில் இறங்கிச் சேறு கழுவுகிற சாக்கில் அழுதேன். இடுப்பு வலிக்கு அழவில்லை. அதற்குப் பிறகு செல்வமணி அக்கா எதிரே வந்தால் வேறு வழியாகப் போய்விடுவேன். அவர் நல்லவர். எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் முடியவில்லை.

இத்தனை நாளும் அந்த வழக்கத்தை நான் நட்டவள் பக்கத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

6

வியாழன் பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றேன்.

உள்ளே மேசையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. காபி பிளாஸ்க், ஒரு தட்டில் பட்டை மணக்கும் பன். கிர்ஸ்டனுக்கு ஐம்பதுக்கு மேல் வயது, சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தார். எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. அதனால் மூன்று மாதமாக அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகியிருந்தேன். பக்கத்தில் அலுவலகத்திலிருந்து வந்த பெண்மணி, முன்னால் ஒரு காகிதக் கட்டு. எதிரே மாட்ஸ். என் பக்கத்தில் இயோவானா.

“எடுத்துக்கங்க,” என்று கிர்ஸ்டன் பன் தட்டை நகர்த்தினார். கெட்ட சேதி சொல்லப்போகிறவர்கள் நம் ஊரில் தின்னக் கொடுக்க மாட்டார்கள். இங்கே எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்ததில் சர்க்கரை மேசையெல்லாம் கொட்டியது.

“என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு.”

இயோவானாவின் முழங்கால் மேசைக்கடியில் என் முழங்காலை இடித்தது. ஆரம்பி என்று அர்த்தம். சொல்ல வேண்டிய வாக்கியம் என் வாய்க்குள் இருந்தது. மாட்ஸ் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. வாய்க்காலில் குனிந்து நின்றபோது என் காதும் அப்படித்தான் எரிந்தது.

“என்கிட்ட யாரும் கேக்கல,” என்றேன். “நானும் யார்கிட்டயும் சொல்லல. நானே எழுதினேன்.”

முழங்கால் விலகிக்கொண்டது.

“ஏன்?”

நடவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாக ஒலித்தது. அலுவலகப் பெண்மணி எழுதிக்கொண்டே போனார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. கிர்ஸ்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மாட்ஸால எழுத முடியாதுன்னு நெனச்சியா?”

‘இல்லை மேடம்’ என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நேரில் ஒருவனை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? அறையில் யாரும் எனக்கு உதவிக்கு வரவில்லை. மெழுகுவர்த்தி சடசடத்தது.

“ஆமா,” என்றேன்.

மாட்ஸ் நிமிர்ந்தான்.

“மூணு மாசமா எது கேட்டாலும் ஓகே ஓகேன்னு தலைய ஆட்டுவ. இன்னைக்குத்தான் நீ நெனக்கிறத சொல்லியிருக்க.”

அவன் சிரிக்கவில்லை. பிறகு, அவன் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அது, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் அவனுக்கு இடம் மாறித் தெரியும். படிக்கவும் எழுதவும் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகும்.

“ஸ்கூல் முழுக்க எனக்கு அம்மா எழுதுனாங்க, டீச்சர் எழுதுனாங்க, பக்கத்துல உக்காந்தவன் எழுதுனான். எல்லாரும் நல்லவங்க. இங்கயாவது நானே எழுதணும்னு வந்தேன். மூணே மூணு பக்கம்.”

அலுவலகப் பெண்மணி காகிதத்தைத் திருப்பினார். அறிக்கை இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை, ஆகவே இது ஏமாற்று ஆகாது; கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் பேச்சே வேறு என்றார். என் மூன்று பக்கமும் நீக்கப்பட வேண்டும். மாட்ஸ் தானே எழுத வேண்டும். நடந்ததைக் குழு வேலை பற்றிய அறிக்கையில் நான் முழுதாக எழுத வேண்டும். குறித்த நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் முழு அறிக்கையும் வராவிட்டால் மூவருமே தோல்வி. கால அவகாசம் நீட்டப்படாது.

வெளியே வந்ததும் இயோவானா, “பொழச்சிட்ட,” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினெட்டு நாள் இருந்தது. தோற்றால் என் கட்டணச் சலுகை போய்விடும், அது போனால் நானும் போக வேண்டியதுதான். நான் இங்கே இருப்பது இப்போது மாட்ஸின் இரண்டு விரலில் இருந்தது. அந்த விரல்களுக்குப் பக்கத்தில் நான் போகக் கூடாது.

7

முதல் நாள் அவன் நான்கு வரி எழுதினான். இரண்டாம் நாள் மூன்று. நான் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு எத்தனை வரி, நாளுக்கு எத்தனை வரி. கணக்கு வரவே இல்லை. அவன் தட்டும்போது நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். தாங்க முடியாவிட்டால் எழுந்து போய்க் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மூச்சு விடுவேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவன் ஒரு அட்டவணையைக் காட்டி, “இந்தப் பதினோரு நாள எடுத்துடணும்,” என்றான்.

“ஏன்? நல்லாத்தான இருக்கு. கிராஃப் அழகா வந்துச்சே.”

“நூலகத்துக் கூரையில இருந்த மழைமானில இலை அடைச்சிருந்துச்சு. பெஞ்ச மழையில பாதிகூட உள்ள போகல. நான்தான் ஏறிச் சுத்தம் பண்ணேன்.” போனில் படம் காட்டினான். புனலுக்குள் அழுகிய இலை, பழுப்பாக, கெட்டியாக.

“இத ஏன்டா எங்ககிட்ட சொல்லல?”

“எழுதினேனே. நாலு வரி இருந்துச்சுல்ல, அதுல ஒண்ணு அதுதான். நீ அழிச்சியே.”

அந்தப் பதினோரு நாளையும் சேர்த்துத்தான் நான் மூன்று பக்கம் எழுதினேன். அந்த மூன்று பக்கத்தை வைத்துத்தான் குளத்தின் அளவைக் கணக்கிட்டேன். பெய்ததைவிடக் குறைந்த மழை, தேவையைவிடச் சின்னக் குளம். அந்தக் குளத்தை யாராவது நம்பி வெட்டியிருந்தால் மீதித் தண்ணீர் நேராக அதே நிலவறைகளுக்குள்தான் போயிருக்கும். கேட்காமல் செய்த உதவியால் நான் ஒரு பையனைத்தான் அவமானப்படுத்தினேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அத்தியாயம் முழுவதும் சரிந்தது. முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும். இப்போது வரிசையில் பின்தங்கியவள் நான்.

மாட்ஸ் கேட்டான், “உனக்கு உதவி வேணுமா?”

“வேணாம்.” யோசிக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வரிக்குத் திரும்பினான். என் பங்கைத் தொடவில்லை. ஒரு நாள் முழுக்கத் தனியாகத் திணறினேன். மறுநாள் காலை அவன் கோட்டைக் கழற்றுவதற்குள், “வேணும். நீ திருத்துன கணக்க எனக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லு,” என்றேன். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்து வந்திருந்தேன்.

கடைசி நாள் காலை அவனுடைய மூன்றாம் பக்கத்தில் இன்னும் ஒரு பத்தி பாக்கி. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் நான் உரக்கச் சொல்ல வேண்டும், அவன் திருத்த வேண்டும், அதுதான் ஏற்பாடு. “மூணாவது வரி, ரெண்டாவது சொல்.” “எது?” “அதுக்கு அடுத்தது.” பதினொன்றரை ஆயிற்று. இயோவானா நகத்தைக் கடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். “நீ நடக்கிறத நிறுத்துனா நான் எழுதுவேன்,” என்றான் மாட்ஸ், தலை நிமிராமல். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினோம். யாரும் கைதட்டவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

8

ஜனவரியில் வாய்மொழித் தேர்வு. வேறு ஊரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். வயதானவர், மெல்லிய குரல். குழுத் தேர்வில் எந்தப் பக்கத்தைப் பற்றியும் யாரிடமும் கேட்கலாம். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் மாட்ஸின் அத்தியாயத்தைப் புரட்டி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பதினோரு நாள விட்டுட்டீங்க, சரி. மீதி நாள நம்பலாம்னு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருந்தேன்; இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. மாட்ஸைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும், முகத்திலேயே இருந்தது. அவன் குறுக்கே புகுந்து சொல்லவில்லை. என்னையே பார்த்தான். கடிகாரம் சுவரில் இருந்தது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பெரிய பெரிய சொற்களாகப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டிவிடலாம், அந்த வித்தை எனக்குத் தெரியும். இங்கே இருப்பதா போவதா என்பது அந்த இரண்டு நிமிடத்தில் இருந்தது என்பதும் தெரியும்.

“எனக்குத் தெரியல,” என்றேன். “மாட்ஸுக்குத் தெரியும். அவன்கிட்ட கேக்கலாமா?”

“என்னை ஏன் கேக்குற?” என்றார் தேர்வாளர். “அவனக் கேளு.”

திரும்பினேன். கேட்டேன். மாட்ஸ் எழுதுகோலை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனான். பள்ளிக்கூடத்துக் கூரை அளவையும் நூலகத்துக் கூரை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, எங்கெல்லாம் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று மெதுவாக விளக்கினான். பலகையில் இரண்டு சொல்லைத் தப்பாக எழுதினான். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

மூவரும் தேறினோம். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அந்தப் பையனும் பாஸா?”

“அவனும்தாம்மா. எனக்குத் தெரியாத கேள்விக்கு அவன்தான் பதில் சொன்னான்.”

“தெரியாதுன்னா சொன்ன? எல்லார் முன்னாலயுமா?”

“ஆமாம்மா.”

அம்மா, தனக்கே நடந்ததுபோல மெதுவாகக் கேட்டாள்.

“பயமா இல்லையாடி?”

“இருந்துச்சும்மா,” என்றேன். “இன்னும் போகல.”